நம்பிக்கை முந்தும், பார்வை பிந்தும்

சகோதரி, உங்கள் கேள்வி நீளமானது. சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். உங்களுக்கு வேலை போய் எட்டு மாதம். சபையில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தேவனை நம்புங்கள், இதை ஆவிக்குரிய கண்ணோட்டத்தோடு பாருங்கள்." நீங்களும் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டீர்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மூன்று கேள்விகள். நம்பிக்கை என்றால் பயமே இல்லாமல் இருப்பதா? எதுவும் புலப்படாததற்கு என் விசுவாசக் குறைவுதான் காரணமா? நாளைக் காலையில் எழுந்து நான் என்னதான் செய்வது?

நான் போதகர் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக வேதபாட வகுப்பு நடத்துகிறேன், அவ்வளவுதான். அதில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முதலில் பார்வை தெளியட்டும், அப்புறம் மனசார நம்பலாம்" என்ற வரிசையில் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வேதாகமத்தில் அந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. நம்புவது முதலில் நடக்கிறது, அதுவும் அரை இருட்டில். பார்வை பின்னால் வருகிறது. சிலருக்கு ரொம்பவே பின்னால்.

சொந்தச் சகோதரர்களே குழியில் போட்டு, அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்; தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று அவர் சகோதரர்களிடம் சொன்னதை, உங்களுக்கும் இந்த எட்டு மாதத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை அவர் எப்போது சொன்னார்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்கப்பட்டபோது அவருக்கு வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. அப்புறம் ஏழு வருடம் விளைச்சல், இரண்டு வருடம் பஞ்சம், அதன்பிறகுதான் சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்துகிறார். "ஜீவரட்சணை செய்யும்படிக்குத் தேவன் என்னை அனுப்பினார்" என்று முதல்முறை வாய்திறந்து சொல்வது அங்கேதான். அதற்கே 22 வருடம் ஆகிவிட்டது. அவருடைய அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்த பிறகுதான் நாம் மேற்கோள் காட்டும் அந்த வசனம். குழியில் போடப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 39 வருடம்.

சரி, குழிக்குள் இருந்தபோது என்ன சொன்னார்? அந்தச் சம்பவம் நடக்கும் அதிகாரத்தில் அதற்குப் பதில் இல்லை. ஐந்து அதிகாரம் தள்ளி, குற்ற உணர்ச்சியில் சகோதரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது தெரியவருகிறது: "அவன் நம்மைக் கெஞ்சி வேண்டிக்கொண்டபோது, அவனுடைய மன வியாகுலத்தை நாம் கண்டும்" கேட்காமற்போனோமே என்கிறார்கள். கெஞ்சியிருக்கிறார். அழுதிருப்பார். ஆவிக்குரிய கண்ணோட்டத்தில் அன்று அவருக்கு எதுவும் தெரியவில்லை. 39 வருடம் கழித்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குழிக்குள் இருக்கிறவரிடமிருந்து இன்றே எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதை உங்களிடமிருந்து நீங்களே எதிர்பார்ப்பதும் அப்படித்தான்.

இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது, சபைகளில் அதிகம் பேசப்படாதது. எரேமியா 32ஆம் அதிகாரம். ஏறத்தாழ கி.மு. 587. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா காவலில் கிடக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதே அவர்மேல் இருந்த குற்றம். அந்த நேரத்தில் அப்பாவுடைய சகோதரரின் மகன் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். கர்த்தரும் வாங்கு என்கிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். பத்திரப்பதிவை இத்தனை விவரமாகச் சொல்லும் பகுதி வேதாகமத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் ஜெபிப்பது அதற்குப் பிறகு. "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று கம்பீரமாகத் தொடங்குகிறார். போகப்போக ஜெபம் வேறு திசையில் இறங்குகிறது. நகரமோ கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, நீர் என்னடாவென்றால் நிலம் வாங்கச் சொல்லுகிறீர் என்ற பொருளில் முடிகிறது. குழப்பம் தீர்ந்த பிறகு அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, குழப்பத்தைத் தேவனிடமே கொட்டினார். அதைக் கர்த்தர் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவும் இல்லை, பதில் சொன்னார்.

எரேமியாவைப் பற்றிப் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற 29:11 வாழ்த்து அட்டைகளில் எல்லாம் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் வருவதில்லை. அதில் 70 வருடம் என்று இருக்கிறது! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன தீர்க்கதரிசியும் இருந்தான், பெயர் அனனியா; அவன் சொன்னது பொய் என்று 28ஆம் அதிகாரம் சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எரேமியா எழுதினார். வாக்குத்தத்தம் உண்மைதான். அதற்குத் தேதி குறித்துக் கொடுக்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நம்பிக்கை என்றால் பயம் இல்லாமல் இருப்பதா?

தாவீதின் ஒரு வரி போதும்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வரியில் இருக்கின்றன. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை.

ஒரு சின்ன மொழி விஷயம் இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக் 2:4 சொல்கிறது. பவுல் இரண்டு நிருபங்களில் எடுத்தாண்ட வசனம். அங்கே விசுவாசம் என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் எமுனா. "ஆமென்" பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. இதே சொல் யாத்திராகமம் 17இல் வேறொரு இடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலைமேல் கைகளை உயர்த்தியிருக்கும் மட்டும் இஸ்ரவேல் ஜெயிக்கிறது, கை தாழ்ந்தால் தோற்கிறது. கை அசந்துபோகிறது. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் கையைத் தாங்குகிறார்கள். "இவ்விதமாய் அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரையும் ஒரே நிலையாயிருந்தது." அந்த "நிலை"தான் எமுனா.

இதைப் படித்த நாளிலிருந்து விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும். மோசேயின் மனதில் அன்று சமாதானம் பொங்கியதா, பயம் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, எழுதப்படவே இல்லை. கை வலித்தது என்பது தெரியும். கை நின்றது என்பதும் தெரியும். நின்றதும் அவருடைய சொந்தப் பலத்தால் இல்லை, ஒரு கல்லும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். நம்பிக்கையை ஒரு உணர்ச்சியாக நினைத்தால் தினமும் நம்மை நாமே சோதித்துக்கொண்டிருப்போம்: இன்று அறுபது சதவீதம் இருக்கிறதா, நாற்பதா என்று. அதை ஒரு பிடிப்பாக, நிலையாக நினைத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. திரும்பி வேறு பக்கம் போய்விட்டேனா, இல்லை இன்னும் அவரை நோக்கித்தான் நிற்கிறேனா? இந்தக் கேள்வியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்பதே பாதி பதில்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1943 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். 1944இல் சிறையில் அவர் எழுதிய ஒரு கவிதை இருக்கிறது. நான் அமைதியாக, உறுதியாக, தன் மாளிகையிலிருந்து வெளியே வரும் பிரபு மாதிரி இருக்கிறேன் என்று பிறர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த நானோ கூண்டில் அடைபட்ட பறவை மாதிரி தவிக்கிறேன், ஜெபிக்கவும் சலித்துப்போயிருக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். இந்த இரண்டில் உண்மையான நான் யார் என்பதற்கு அவர் விடை கண்டுபிடிக்கவில்லை. நான் யாராயிருந்தாலும் நான் உம்முடையவன் என்று தேவனிடம் முடித்துக்கொள்கிறார். உள்ளே தவிப்பு இருந்தது என்பதற்காக அவர் நம்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி, விசுவாசக் குறைவு. இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் எழுத வருகிறது.

என் அம்மா கடைசி மாதங்களில் மருத்துவமனையில் இருந்தபோது, ஒருவர் வந்து ஜெபித்துவிட்டு, போகிறபோக்கில் "வீட்டில் யாருக்கோ விசுவாசம் இல்லை, அதனால்தான் தடை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்க அந்த "யாரோ" நான்தானா என்று தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் இன்னொருவர் வந்தார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. "நீ போய்ப் படு, இன்று ராத்திரி நான் உட்காருகிறேன்" என்றார். இருவரில் யார் ஆரோனின் வேலையைச் செய்தார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதரும் இப்படித்தான். முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். வாயைத் திறந்ததும் "நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய்" என்பதில் போய் நின்றார்கள். கடைசியில் கர்த்தர், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். இத்தனைக்கும் யோபு அடக்கமாகப் பேசியவர் அல்ல. பிறந்த நாளைச் சபித்தார், தேவனை வழக்குக்கு இழுத்தார். அப்படியும் அவர் தேவனைப் பற்றி மட்டும் பேசாமல், தேவனிடமே பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்று: முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. காரணம் தெரியாமலேதான் அவர், "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறார்.

விசுவாசம் குறைவாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். மாற்கு 9இல், மகனுக்குச் சுகம் கேட்டு வரும் தகப்பன் இயேசுவிடம் என்ன சொன்னார்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." சத்தமிட்டு, கண்ணீரோடே சொன்னதாக எழுதியிருக்கிறது. முதல் பாதியை முழுதாக்கிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மகன் சுகமானான்.

சுகமாகாத சந்தர்ப்பமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? கெத்செமனேயில் இயேசுவே, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படிசெய்யும்" என்று கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் "எல்லாம் நல்லபடியாக முடியும்" என்ற பொதுவான தைரியத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் நம்புகிறவர் பாடு என்றால் என்னவென்று வெளியே நின்று தெரிந்துகொண்டவர் அல்ல. சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" கைவிடப்பட்டதாக உணருவது பாவம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த வரியை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

சரி, "ஆவிக்குரிய கண்ணோட்டம்" என்பது வெறும் வார்த்தையா? இல்லை, அப்படி ஒன்று இருக்கிறது. பிரச்சினையைச் சின்னதாகக் காட்டும் கண்ணாடி என்று அதை நினைத்தால்தான் ஏமாற்றம்.

இரண்டாம் கொரிந்தியரில் பவுல் "அதிசீக்கிரத்தில் நீங்கும் இலேசான நம்முடைய உபத்திரவம்" என்று எழுதியிருப்பது பிரசித்தம். பலரை அது குத்தவும் செய்திருக்கிறது: என்னுடையது லேசா? ஆனால் அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆசியாவில் எங்களுக்கு நேரிட்டது "பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்", பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். அதே ஆள்தான், எழுதியதும் ஒரே நிருபத்தில். ஐந்து தரம் ஒன்றுகுறைய நாற்பதடி, மூன்று தரம் மிலாறடி (கோலால் அடி), ஒரு தரம் கல்லெறி, மூன்று தரம் கப்பற்சேதம் என்று 11ஆம் அதிகாரத்தில் பட்டியல் போடுகிறவர், லேசு என்ற வார்த்தையை மலிவாகச் சொல்லியிருக்க முடியாது. கிரேக்க மூலத்தில் முதல் அதிகாரத்திலும் நான்காம் அதிகாரத்திலும் பாரத்தைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல் வருகிறது. முதலில் துன்பத்தின் பாரம், பிறகு மகிமையின் பாரம். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். துன்பத்தின் எடை குறையவே இல்லை. எதிர்த் தட்டில் அதைவிடக் கனமான ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் இது மேலே எழும்புகிறது. உங்கள் துன்பம் ஒன்றுமே இல்லை என்று சொல்வது கண்ணோட்டம் ஆகாது. பவுல் அப்படிச் சொல்லவும் இல்லை.

எதிர்த் தட்டு கண்ணுக்குத் தெரிவது எப்படி? 73ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப், தாவீதின் காலத்து ஆராதனையில் பாடகர்களுக்குத் தலைவராயிருந்த லேவியர். அவர் பெயரில் 12 சங்கீதங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர், துன்மார்க்கர் கொழுத்துத் திரிவதைப் பார்த்து, "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன்" என்கிற அளவுக்குப் போய்விட்டார். வீணாப்போச்சே என்கிறார். யோசித்து யோசித்துப் பார்த்ததில் வேதனைதான் அதிகமாயிற்று. "தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்து, அவர்கள் முடிவைக் கவனித்து உணருமளவும்" அப்படியேதான் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். உள்ளே போனபோது அவர் கசப்போடுதான் போனார். கசப்பு தீர்ந்த பிறகு ஆராதிக்கலாம் என்று வெளியே நின்றிருந்தால் இன்னும் வெளியேதான் நின்றிருப்பார். அதுவரை பெரும்பாலும் "அவர்கள்", "நான்" என்று ஓடிய சங்கீதம், 18ஆம் வசனத்திலிருந்து "நீர்" என்று திரும்புகிறது. அன்று துன்மார்க்கரின் சொத்து ஒரு காசுகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் அவர் கையில் கிடைத்தது விளக்கம் அல்ல: "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்."

மறுபடியும் கை. இதை நான் திட்டமிட்டு எழுதவில்லை, தானாக வந்துவிட்டது.

சில நேரம் நம் கண்ணை நாமே திறக்க முடியாது என்பதற்கு தோத்தான் ஊர் சம்பவம் இருக்கிறது (2 இராஜாக்கள் 6). காலையில் எழுந்த, தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரன் ஊரைச் சுற்றிச் சீரிய ராணுவத்தைப் பார்த்து "ஐயோ, என் ஆண்டவனே, என்னசெய்வோம்" என்று அலறுகிறான். எலிசா திட்டவில்லை. "இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்" என்று அவனுக்காக ஜெபித்தார். அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும் மலை நிறைய நின்றன. முந்தின நிமிடமும் அவை அங்கேதான் நின்றிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த இரதங்கள் அன்று போர் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. எதிரிகள் கண்மயங்கி சமாரியாவுக்கு நடத்திக்கொண்டு போகப்பட்டு, அங்கே விருந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்! தேவன் உதவுகிற விதம் நாம் கண்ட தரிசனத்தின்படிகூட நடப்பதில்லை.

ரோமர் 8:28ஐ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்பதில் நன்மை என்றால் என்ன என்பதற்கு அடுத்த வசனமே பதில்: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலையைவிடப் பெரிய சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்று அங்கே எழுதவில்லை. கிடைத்தால் நான் உங்களோடு சேர்ந்து துதிப்பேன், அது வேறு.

மூன்றாவது கேள்வி, நாளைக் காலை. இதில் எனக்குத் தெரிந்தது குறைவு, சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சாகக் கேட்டபோது, தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். ஓரேபில் பேசியது அதற்கு அப்புறம்தான். இரண்டு வருடமாக இரவில் கண்விழித்து ஒரு நோயாளியைப் பார்க்கிற உங்களுக்கு ஆவிக்குரிய வறட்சியாகத் தெரிவதில் பாதி, வெறும் தூக்கமின்மையாக இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இப்படியே போனால், அல்லது எலியாவைப்போல உயிரே வேண்டாம் என்று தோன்றினால், உடனே மருத்துவரைப் பாருங்கள், நெருக்கமான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். லூக்காவே வைத்தியர்தான், மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்து, ஜெபம். உங்களுக்கு வார்த்தை வரவில்லை என்றால் இரவல் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் பாட்டுப் புத்தகங்களில் அந்த விகிதத்தில் பாதிகூட இருக்குமா என்பது சந்தேகம். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. முடிவு நம்பிக்கையில் இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்த முடிவும் இல்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்துத்தான் தொடங்குகிறது. இரண்டுமே ஜெபம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு வேதத்துக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த நாளுக்கு எது பொருந்துகிறதோ அதை வாசியுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் எட்டிப் பார்க்காமலிருக்கப் பழகுவதும் உதவும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வந்த மன்னா அப்படித்தான் கொடுக்கப்பட்டது. மறுநாளுக்கு என்று எடுத்துவைத்தது பூச்சிபிடித்து நாறிப்போனது, ஓய்வுநாளுக்காக வைத்ததைத் தவிர. வேலைக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எரேமியாவும் பத்திரத்தை ஒழுங்காக எழுதித்தானே வைத்தார். இன்று போடவேண்டிய விண்ணப்பத்தைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்ற கணக்கை இரவு பதினொரு மணிக்குப் போட வேண்டாம், அந்த நேரத்தில் அது சரியாகவே வராது.

பெரிய தீர்மானம் எதையும் இப்போது மாற்றாதீர்கள். இது என் யோசனை அல்ல, 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்னது. ஆவி சோர்ந்து வறண்டிருக்கும் காலத்தில், சோர்வுக்கு முன் தெளிவாக எடுத்த தீர்மானத்தில் உறுதியாக நில், மாற்றாதே என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. "இனி சபைக்கே போகப்போவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள், அதற்காகச் சொல்கிறேன். ஒருவேளை போகவேண்டாத சபையாகவே அது இருக்கலாம். அந்த முடிவைத் தூங்கி எழுந்த ஒரு நல்ல மாதத்தில் எடுங்கள்.

அப்புறம் இரண்டு பேர். ஆரோன் ஒருவர், ஊர் ஒருவர். எல்லாருக்கும் ஜெபக் குறிப்பு அனுப்ப வேண்டாம்; அறிவுரை குவிந்துவிடும். இரண்டே பேரிடம் குறிப்பாகக் கேளுங்கள்: வாரத்தில் ஒரு இரவு அப்பாவோடு இருக்க முடியுமா என்று. கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். மோசேக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இயேசு மரித்த மூன்றாம் நாள் எம்மாவு ஊருக்கு நடந்துபோன இருவர், "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்றார்கள். நம்பியிருந்தோம், இறந்தகாலம். யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவரே பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார், அடையாளம் தெரியவில்லை. அவரும் முதலில் எதையும் விளக்கவில்லை, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காதுகொடுத்தார். அவர் யார் என்று தெரிந்ததும் மறைந்துவிட்டார். அப்போதுதான் இருவரும் திரும்பிப் பார்த்து, வழியிலே அவர் பேசினபொழுது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நடக்கும்போது அது அவர்களுக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும்போது அந்த 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாகவே வாசியுங்கள். மனதுக்குள் வாசிக்க வேண்டாம். அவர் காதிலும் விழட்டும்; இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறவரிடமும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி இருக்கும், உங்களைப் பார்த்துக் கேட்கத்தான் அவருக்கு மனசு வந்திருக்காது.